இரண்டு கிலோ பொய்

கையில் ஸ்க்ரூடிரைவரோடு தராசுக்காரர் குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டதோடு சென்ற வாரம் முடிந்தது. ஏழு நாளாக மனிதர் உள்ளேயே கிடக்கிறார் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நாலே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். போன காரியம்தான் நடக்கவில்லை.

"அப்பா, எவ்வளவு நேரம்? நான் எடை பார்க்கணும்" என்று மகள் கதவைத் தட்டினாள். அவர் எடை மிஷினை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, காய்ந்த தலையைத் துண்டால் துவட்டியபடி வெளியே வந்தார். தலை நனையாமல் குளிப்பது எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. கடைகள், கிடங்குகள், மருந்தகங்கள் என்று ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சோதித்து, சரிசெய்து, முத்திரை ஒட்டுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கிராம் பொய்க்குத் துணை போனதில்லை. கறிக்கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நிற்பார்கள். அது மரியாதையினால் அல்ல. அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தராசில் மட்டும் கை வைத்தார். அது அவர் வீட்டுக் குளியலறையில் இருந்தது.

பத்து வாரத்துக்கு முன்னால் மகளின் பள்ளி ஜூடோ அணிக்குப் போட்டோ எடுத்தார்கள். "நீ பின்வரிசைக்குப் போயிடு. முன்னாடி நின்னா ரெண்டு பேர் மறைஞ்சிடுவாங்க" என்றாள் அணித் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து வயது மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறந்தபோது கைக்கு அடங்குகிற மாதிரி இருந்ததால் வீட்டில் அவளுக்கு இன்றைக்கும் 'பொடி' என்றுதான் பெயர். அந்தப் பொடி ஒரு நாளைக்கு ஐந்து தடவை மிஷினில் ஏறி நின்றாள். ஐந்து தடவையும் அது ஐம்பத்து மூன்று புள்ளி ஆறு என்றது.

ஆறாம் நாள் தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. தன் எடைக்கற்களில் ஐம்பத்திரண்டு கிலோவை எடுத்து வீட்டு மிஷின்மேல் அடுக்கி, "இது ஐம்பது" என்று அதற்குக் கற்றுக்கொடுத்தார். மிஷினுக்குச் சொந்த புத்தி கிடையாது, நம்பிவிட்டது. அன்று மாலை அது ஐம்பத்தொன்றரை காட்டியதும் பொடி ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவரும் நிம்மதியாகத் தூங்கினார்.

உலகத்தில் வேறு தராசுகளும் இருக்கின்றன என்பதை, மற்ற எல்லாத் தராசுகளையும் பார்த்துக்கொள்கிற மனிதர் மறந்துபோனார்.

இன்று வட்டாரப் போட்டி. ஐம்பத்திரண்டு கிலோவுக்கு உட்பட்டோர் பிரிவு. எடை ஏறினால் ஆட்டம் கிடையாது. அவர் கணக்குப்படி பொடி ஐம்பத்து மூன்றரைக்கு மேல் இருப்பாள். ராத்திரியோடு ராத்திரியாக ரெண்டு கிலோ போட்டுவிட்டோம் என்று நினைத்து அந்தப் பெண் என்ன ஆவாளோ என்ற பயத்தில்தான், வீட்டு மிஷினைப் பழையபடி திருப்பி வைக்க அவர் ஸ்க்ரூடிரைவரோடு போனார்.

காலைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார்.

"எவ்வளவு?" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"அம்பத்தொண்ணு அஞ்சு" என்றாள் பொடி.

நேற்றும் அதேதான். அதற்கு முந்தின நாளும் அதேதான். மழைக்காலத்தில் சிமெண்ட் மூட்டைகூட ஒரு வாரம் ஒரே எடையில் நிற்காது என்று தெரிந்தவர், உயிருள்ள பிள்ளை பத்து வாரமாக ஒரே எடையில் நிற்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வெயில் இப்படி அடிக்குது, எதுக்குடி அந்த ஜாக்கெட்டு?" என்றாள் அம்மா. அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். சாப்பிடும்போதுகூட வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

"டீம் ஜாக்கெட்மா."

"அதுக்குள்ள டீமே போகலாம் போலிருக்கே."

"அம்மா, ப்ளீஸ்."

"ரொட்டியாவது தின்னுட்டுப் போ."

"எடை பார்த்ததும் சாப்பிடறேன். எல்லாரும் அப்படித்தான். கட்டிக் குடு, கையில எடுத்துக்கறேன்."

அம்மா ரொட்டியும் முட்டையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பொடி வாங்கிப் பையில் வைத்தாள். தராசுக்காரர் வாயைத் திறந்தார். ஆறிப்போன காப்பியை விழுங்கிவிட்டு மூடினார். போட்டிக்கான தராசைச் சோதிக்கிற வேலையும் அவருடையதுதான் என்பதால் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த வேலையைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். மகள் ஏறி நிற்கிற தராசு நம் முத்திரையோடு இருக்கட்டும் என்று ஒரு பெருமை.

*

உள்விளையாட்டு அரங்கத்தின் ஒரு மூலையில் பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். திரைக்குள் எடை மேடை. பெண் நடுவர் ஒருவர் உள்ளே நின்று எண்ணைச் சொல்ல, வெளியே மேசையில் இருக்கும் எழுத்தர் எழுதிக்கொள்வார். எட்டரையிலிருந்து பத்து வரை ஒத்திகை, யார் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். பத்து மணிக்கு மேல் ஒரே ஒரு தடவை. அதுதான் கணக்கு.

தராசுக்காரர் எடைக்கற்களை நடுவில் வைத்தார், நாலு மூலையிலும் வைத்தார். மேடை சுத்தமாக இருந்தது. மேடைக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் இந்த மிஷினும் சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் விரல் அதன்மேல் போய் ஒரு விநாடி உட்கார்ந்தது.

"என்ன சார், உங்க பொண்ணும் விளையாடுதாமே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. போட்டிச் செயலாளர். "மிஷினைக் கொஞ்சம் கண்டிச்சு வச்சுடாதீங்க."

"அதெல்லாம் என்கிட்ட நடக்காது" என்றார் இவர், கையை வெந்நீரிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்து.

"விளையாட்டுக்குச் சொன்னேன் சார். உங்களைப் பத்தித் தெரியாதா?"

தராசுக்காரரைப் பற்றித் தெரியாதவர் அந்த இடத்தில் தராசுக்காரர் ஒருவர்தான். பொத்தான்மேல் முத்திரையை ஒட்டி, கையெழுத்துப் போட்டு, நாற்காலியைத் திரைக்கு வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது பத்துக்குப் போன் அடித்தது. மனைவி. பின்னணியில் வண்டி முனகிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பொடி அங்க வந்துட்டாளா?"

"இன்னும் பார்க்கலை. நீதானே இறக்கிவிட்டே?"

"எட்டரைக்கே இறக்கிவிட்டேன். கேளுங்க, நம்ம பல் டாக்டருக்கு இப்ப கிளாஸ் எடுத்துட்டிருக்கேன். வண்டியில ஏதோ செத்துக்கிடக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. கியர் போடத் தெரியாம சாக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன். இப்ப பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தா... பொட்டலம். நான் கட்டிக்குடுத்த பொட்டலம். ரொட்டி, முட்டை, எல்லாம் அப்படியே. ஒன்பது இருக்கு. மேல இருக்கிறது இன்னிக்கு ஃபிரெஷ்ஷா கட்டினது."

தராசுக்காரர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"கேக்குதா? இவ சாப்பிடறதே இல்லைங்க. எப்படிங்க எடை மட்டும் அப்படியே நிக்குது? அம்பத்தொண்ணு அஞ்சுன்னு தினம் சொல்றாளே, அது எப்படி?"

"அது அம்பத்தொண்ணரை இல்லை" என்றார்.

"என்ன?"

"வீட்டு மிஷின் ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டும். நான்தான் மாத்தி வச்சேன். அவ சாப்பிடட்டும்னு."

மனைவியின் குரல் கேட்டது, போனுக்கு அல்ல: "டாக்டர், இறங்கி இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்." அதன் பிறகு போனுக்கு: "அவ மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டே இருங்க. வேற எதையும் சரி பண்ணாதீங்க. போதும்."

*

அவர் பெயர்ப் பட்டியலைப் பார்க்க மேசைக்குப் போனார். ஐம்பத்திரண்டு கிலோ வரிசையில் மகள் இல்லை. மறுபடி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். இல்லை. நாற்பத்தெட்டு கிலோ பட்டியலின் கடைசியில், பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தது. பதினேழாம் நம்பர்.

ஜூடோ மாஸ்டர் நாடாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இது என்ன? என் பொண்ணு பேரு நாப்பத்தெட்டுல இருக்கு?"

"அவ சொல்லலையா சார்? உங்களுக்கு சர்ப்ரைஸ் குடுக்கணும்னு சொல்லிட்டிருந்தா." மாஸ்டர் பல் தெரியச் சிரித்தார். "மூணு வாரமா வீட்டுல பார்த்த எடையை நோட்டுல எழுதிக் கொண்டாந்து காட்டறா. இன்னிக்குக் காலையில நாப்பத்தேழு நாலு. நம்ம ஸ்கூல் மிஷின் ஆறு மாசமா ரிப்பேர். சரி, வேற யாராவது வீட்டு மிஷின்னா நான் நம்பியிருக்க மாட்டேன். உங்க வீட்டு மிஷின் ஆச்சே."

தராசுக்காரருக்குக் கணக்கு தானாக ஓடியது. வேண்டாம் என்றாலும் ஓடியது. வீட்டில் நாற்பத்தேழு நாலு என்றால் நிஜத்தில் நாற்பத்தொன்பது மூன்று. பத்து வாரத்துக்கு முன்னால் ஐம்பத்து மூன்று ஆறு. நாலு கிலோவுக்கு மேல் பெண் கரைந்திருக்கிறாள். மிஷின் குறைத்துக் காட்டினால் அவள் திருப்தியாகி நிற்பாள் என்று இவர் நினைத்தார். அவளோ ரெண்டு கிலோ இறங்கியதைப் பார்த்து, இது இறங்கும் என்று தெரிந்துகொண்டு, மேலும் இறக்கியிருக்கிறாள். இவ்வளவும் செய்துவிட்டு, நாற்பத்தெட்டுக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல் மிச்சம்.

"எங்கே அவ?" என்றார்.

பதில் திரைக்குள்ளிருந்து வந்தது. பெண் நடுவரின் குரல், எந்த விசேஷமும் இல்லாமல்:

"பதினேழு. நாற்பத்தொன்பது புள்ளி மூணு."

"இன்னொரு தடவை ஏறட்டுமா?" என்றது பொடியின் குரல்.

"ஏறும்மா. நாற்பத்தொன்பது புள்ளி மூணு."

"மிஷின் தப்பு மேடம்."

"அப்படியா?"

"ரெண்டு கிலோ கூடக் காட்டுது. காலையில வீட்டுல பார்த்தேன். எங்கப்பா வெளிய இருக்காரு, அவர்தான் இதெல்லாம் பார்க்கறவரு. அவரைக் கேளுங்க."

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அவசரத்தில் ஜாக்கெட்டைப் போடாமல் தோளில் போட்டிருந்தாள். பத்து வாரத்தில் முதல் தடவையாக அவர் மகளின் கைகளைப் பார்த்தார். முழங்கை எலும்பு தனியாகத் தெரிந்தது. கடிகாரம் மணிக்கட்டிலிருந்து நழுவி உள்ளங்கை ஓரத்தில் வந்து நின்றிருந்தது.

"அப்பா, மிஷின்ல ஏதோ கோளாறு. சொல்லு இவங்ககிட்ட."

செயலாளர் ஓடிவந்தார். எழுத்தர் பேனாவை மூடினார். மாஸ்டர் நாடாக்களைக் கீழே போட்டார். வரிசையில் நின்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "சந்தேகம்னு வந்துட்டா திறந்து பார்த்துடலாம் சார்" என்றார் செயலாளர். "உங்க முத்திரை, நீங்களே பிரிங்க. ரெண்டு கிலோ வித்தியாசம்னா எல்லாப் பொண்ணுங்களுக்கும்தானே பிரச்சினை?"

அதாவது, செய்யக் கூடாத காரியத்தைச் செய்யச் சொல்லி, ஒரு கூட்டமே மரியாதையோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்திரையைப் பிரித்து மூன்று விநாடி அழுத்தினால் போதும். பொடி சிரிப்பாள். பொடி ஜெயித்துவிட்டதாக நினைப்பாள். அடுத்த வாரம் நாற்பத்தாறுக்கு இறங்குவாள்.

அவர் எடைக்கற்களை எடுத்துவந்து மேடையில் வைத்தார். இருபது, இருபது, ஐந்து. நாற்பத்தைந்து புள்ளி பூஜ்யம் என்றது மிஷின்.

"மிஷின் சரி" என்றார்.

பொடியின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நிறமும் போயிற்று. அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து. பையைத் திறந்து மழைக்கோட்டை வெளியே இழுத்தாள். ஜாக்கெட்டைப் போட்டு, அதற்கு மேல் மழைக்கோட்டையும் மாட்டி, கழுத்து வரை இழுத்து மூடினாள்.

"அரை மணி நேரம் இருக்கு. ஓடினா வேர்த்துக் குறையும். ஒண்ணு மூணுதானே."

"பொடி, நில்லு. உன் தப்பு இல்லை. வீட்டு மிஷின்தான் தப்பு. நான் மாத்தி வச்சுட்டேன்."

அவள் கை ஜிப்பில் நின்றது. "எதை?"

"ரெண்டு கிலோ குறைச்சு. நீ சாப்பிடாம இருந்தே. பார்த்துட்டிருக்க முடியலை."

"எப்பலேர்ந்து?"

"போட்டோ எடுத்தாங்களே, அந்த வாரத்துலேர்ந்து."

அவள் கணக்குப் போடுவது அவருக்குத் தெரிந்தது. அவர் பெண் அல்லவா, உதடு அசையாமல் கழிப்பாள்.

"அப்ப நான்," என்றாள், "நாப்பத்தேழுல ஒரு நாள்கூட இருந்ததில்லையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. யாரோ செத்துப்போன சேதி கேட்ட மாதிரி நின்றாள். பிறகு பார்வையாளர் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

*

செயலாளர் நல்லவர். பெட்டியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "பத்துக்கு முன்னாடி பிரிவு மாத்திக்கலாம் சார். அம்பத்திரண்டுல ஒரு இடம் காலியா இருக்கு. நாப்பத்தொன்பது மூணுன்னா தாராளமா விளையாடலாம். பெத்தவங்க ஒரு கையெழுத்து, பொண்ணு ஒரு கையெழுத்து. ரெண்டும் வேணும்."

ஒரு கையெழுத்தை அவர் அங்கேயே போட்டார். இன்னொன்று படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மொத்தம் நாற்பது படி. மேலே போய், திரும்பி, கீழே வந்து, மறுபடி மேலே. மழைக்கோட்டு காகிதம் மாதிரி சரசரத்தது. தராசுக்காரர் பின்னாலேயே ஓடிப் பார்த்தார். ஒன்றரைச் சுற்றில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. பிறகு நடுப்படியில் குறுக்கே உட்கார்ந்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"அம்பத்திரண்டுல ஆடு கண்ணு. ஒரு கையெழுத்துதான்."

"மாட்டேன்."

அடுத்த சுற்று. "ஏன், அதுல என்ன குறைச்சல்?"

"அம்பத்திரண்டுன்னா பின்வரிசை."

அடுத்த சுற்று. மூச்சு விசிலடித்தது. உதடு வெளுத்து ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறியவள் இப்போது பிடித்து ஏறினாள்.

கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தெட்டு. மேல் வாசல் கதவு திறந்து அம்மா உள்ளே வந்தாள். வண்டியை எங்கே, எப்படி நிறுத்தினாளோ, பல் டாக்டர் அதற்குக் காவல். செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். மேல் படியில் நின்று, கீழே இருக்கிற புருஷனையும் இடையில் ஏறி வருகிற பெண்ணையும் பார்த்தாள். கையை ரெண்டு பக்கமும் நீட்டிக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு வழியை அடைத்தாள்.

பொடி இருவருக்கும் நடுவிலேயே நின்றுவிட்டாள். மேலே அம்மா. கீழே அப்பா, கையில் படிவம்.

"சொல்லுப்பா" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். "மிஷின் இல்லாம சொல்லு. நான் எப்படி இருக்கேன்?"

தராசுக்காரர் எழுந்தார். மகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நிதானமாக, கண்ணை விலக்காமல் பார்த்தார்.

"நீ ரொம்ப இளைச்சுட்டேம்மா. எனக்குப் பயமா இருக்கு. நீ பத்து வாரத்துக்கு முன்னாடியே நல்லாத்தான் இருந்தே."

அவள் கேட்டுக்கொண்டாள். நெற்றியிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். அது எத்தனை கிராம் இருக்கும் என்று பார்ப்பவள் மாதிரி கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"சரிப்பா" என்றாள். "நீ இப்ப சொன்னதுல எவ்வளவு கழிச்சுக்கணும்?"

படிவத்தை வாங்காமல், பதிலுக்கும் நிற்காமல், அம்மா நின்ற பக்கம் பார்த்துப் படியேறினாள்.